விழுந்தது மட்டும் ஒட்டப்படும்

ஒரு பூவைக்கூடப் பறிக்காமல் பதினான்கு பூ ஆல்பம் சேர்த்த மனிதர் இந்தப் பூமியில் ஒருவர்தான் இருந்திருக்க முடியும். இன்னொருவர் இருந்திருந்தால் அந்த ஊரிலும் பஸ்கள் நேரத்துக்குப் போயிருக்காது, அந்த ஊர் மில்லிலும் ஒரு பர்சனல் ஆபீசர் தலையில் கை வைத்து உட்கார்ந்திருப்பார், அது எப்படியும் நம் காதுக்கு வந்திருக்கும்.

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று உண்டு. அது மில் பதிவேட்டில் மட்டும் இருந்தது. எண்பதுகளில் ராஜபாளையத்தில் நாங்கள் வேலை பார்த்த நூல் மில்லில் மொத்தம் அறுநூற்றுப் பன்னிரண்டு பேர். அதில் அறுநூற்றுப் பதினொரு பேர் அவரைப் 'பசை அண்ணாச்சி' என்றே கூப்பிட்டார்கள். மீதி ஒருவர் அவரே. அவரும் டெலிபோனில் "பசை பேசுதேன்" என்றுதான் சொல்வார்.

முப்பது வருஷம் கழித்து அவரைப் பற்றி ஏன் எழுதுகிறேன் என்றால், காரணம் மதுரையில் ஒரு கடை. போன வாரம் கண்ணாடி மாற்றப் போன இடத்தில், பக்கத்துக் கடை வாசலில் ஒரு பெட்டியைப் பார்த்தேன். 'இயற்கையோடு இணைந்த வசந்தகால ஆல்பம் நீங்களே செய்யலாம்' என்று மேலே அச்சடித்திருந்தது. உள்ளே பன்னிரண்டு காய்ந்த பூ, பன்னிரண்டுக்கும் தனித்தனியாகப் பிளாஸ்டிக் உறை. இலைகளுக்கு மூன்று உறை, பசைக்கு ஒன்று, பெட்டியைச் சுற்றி ஒன்று. கல்லாவில் நின்ற பெண்ணிடம், "பதினேழு பிளாஸ்டிக் உறை இருக்கிறதே அம்மா" என்றேன். அவள் பெட்டியைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "மேல ஒரு கவர் போட்டுத் தரட்டுமா சார்?" என்று கேட்டாள்.

பசை அண்ணாச்சி அந்த இடத்தில் இருந்திருந்தால் மயங்கி விழுந்திருப்பார். விழுந்தவரை யாராவது எடுத்து ஒட்டவேண்டி வந்திருக்கும்.

அண்ணாச்சி கார்டிங்கில் வேலை பார்த்தார். பஞ்சைச் சீப்பால் வாருவதுபோலச் சீவித் தள்ளுகிற மெஷினுக்குப் பெயர் கார்டிங். நான் டைம் ஆபீஸ். வருகிறவர்களின் நேரத்தை எழுதுவது என் வேலை. இரண்டு பேருக்கும் வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில். ஒரே பஸ்ஸில் போவோம்.

பஸ்ஸில் எவ்வளவு கூட்டம் இருந்தாலும் அண்ணாச்சிக்குப் பக்கத்தில் ஒரு இடம் காலியாக இருக்கும். அவர் கடைப் பசை வாங்கமாட்டார். புளியங்கொட்டையை வறுத்துத் தோல் நீக்கி, ஊறவைத்து அரைத்துக் காய்ச்சி, பூச்சி அரிக்காமல் இருக்க வேப்பிலைச் சாறு கலந்து, ஒரு கொட்டாங்குச்சியில் ஊற்றித் துணியால் மூடிக் கையோடு கொண்டுவருவார். முதல் நாள் அதில் கஞ்சி வாசனை வரும். மூன்றாம் நாள் வருகிற வாசனையை எழுதினால் ஆசிரியர் வெட்டிவிடுவார். அந்தக் காலி இடத்தில்தான் நான் தினமும் உட்கார்ந்து போனேன். எனக்கு அப்போதே மூட்டு வலி. மூக்கா மூட்டா என்று வந்தால் மூட்டைத்தான் பார்க்க வேண்டும்.

இந்தப் பெயரால் ஒரு முறை வம்பும் வந்தது. வ. புதுப்பட்டியில் இருந்து கோயில் கொடைத் திருவிழாவுக்கு நன்கொடை கேட்டு மூன்று பேர் அவர் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். பஸ் ஸ்டாண்டில் யாரோ ஒரு புண்ணியவான், "அந்தத் தெருவுல பசையுள்ள ஆளுன்னா அவிய ஒருத்தர்தான்" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். வந்தவர்கள் வெற்றிலைத் தட்டை நீட்டிக்கொண்டு நின்றார்கள். நானும் அன்று அங்கே இருந்தேன்.

"ஒங்களைப் பத்தித்தான் ஊரே சொல்லுது. மனசு வச்சுச் செய்யணும்" என்றார் மூவரில் மூத்தவர்.

அண்ணாச்சிக்குக் கண் கலங்கிவிட்டது. தன் வேலையை ஊர் மதிக்கிறது என்றே நினைத்தார். உள்ளே போய், அன்று காலையில் காய்ச்சிய பசையை ஒரு கொட்டாங்குச்சி நிறையக் கொண்டுவந்து தட்டில் வைத்தார். "நோட்டீஸ் ஒட்டுறதுக்கு ஆகும். பத்தலைன்னா சொல்லி விடுங்க, எம்புட்டு வேணாலும் காச்சித் தாரேன்" என்றார். வந்தவர்கள் கொட்டாங்குச்சியைப் பார்த்தார்கள். ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். மூத்தவர் மூக்கைப் பிடிக்கலாமா கூடாதா என்று யோசித்தது எனக்கு நன்றாகத் தெரிந்தது. அந்த வருஷம் புதுப்பட்டிக் கொடை நோட்டீஸ் ஸ்ரீவில்லிபுத்தூர்ச் சுவர்களில் மழைக்கும் கிழியாமல் நின்றது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

சரி, ஆல்பத்துக்கு வருகிறேன்.

மாசி பிறந்ததும் அண்ணாச்சிக்கு ஒரு பரபரப்பு வந்துவிடும். வேம்பு பூக்கும், புங்கை பூக்கும், மாமரம் பூக்கும். சித்திரை முடிவதற்குள் அந்த வருஷத்து ஆல்பத்தை முடித்தாக வேண்டும். அதற்கு அவர் வைத்திருந்த சட்டம் இரண்டே வரி. கடையில் வாங்கியது எதையும் ஒட்டக்கூடாது. மரத்தில் பறித்தது எதையும் ஒட்டக்கூடாது. தானாக விழுந்தது மட்டும்.

தாளுக்கும் அதே சட்டம்தான். ஊரார் வீசிய கல்யாணப் பத்திரிகை, கிழித்த காலண்டர், பால்கோவா தின்றுவிட்டுப் போட்ட அட்டைப் பெட்டி. இவற்றின் வெள்ளைப் பக்கத்தை வெளியே வைத்துத் தைத்தால் ஆல்பம் தயார். ஆகையால் அவருடைய புங்கம்பூப் பக்கத்தைத் திருப்பினால், பின்னால் யாரோ இருவருக்கு வைகாசியில் கல்யாணம் என்றிருக்கும்.

"பறிச்சா என்ன அண்ணாச்சி? மரம் கேஸா போடப்போகுது?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"பறிச்சா அது நம்ம இஷ்டம் தம்பி. விழுந்தா அது பூவோட இஷ்டம்" என்றார்.

கேட்க நன்றாக இருக்கும். ஆனால் பூவின் இஷ்டத்துக்கும் பஸ்ஸின் நேரத்துக்கும் சம்பந்தம் கிடையாது. எங்கள் பஸ் நிறுத்தத்தில் ஒரு கொன்றை மரம் இருந்தது. ஒரு பங்குனிக் கடைசியில் அந்த வருஷத்து முதல் கொத்து விரிந்தது. அந்த முதல் கொத்தில் இருந்து முதலில் விழுகிற பூ அவருக்கு வேண்டும். காலை ஆறு ஐம்பதுக்கு அண்ணாந்து பார்க்க ஆரம்பித்தார். ஏழு மணி பஸ் போயிற்று. ஏழேகால் பஸ் போயிற்று. காற்று அசையவில்லை. ஏழு இருபத்தொன்றுக்கு மரத்தில் இருந்து ஏதோ விழுந்தது. அது காக்கை போட்டது. சட்டத்தில் அதற்கு இடம் உண்டா என்று கேட்டேன். அவர் தோளைத் துடைத்துக்கொண்டார்.

ஏழரை பஸ்தான் கடைசி. அதை விட்டால் ஷிப்டுக்குப் போய்ச் சேர முடியாது. பொறுக்கமாட்டாமல் நான் போய்க் கிளையைப் பிடித்து ஒரு உலுக்கு உலுக்கினேன். பூ விழுந்தது. ஒன்று இல்லை, பதினொன்று.

அண்ணாச்சி அவற்றைத் தொடவில்லை. கீழே கிடந்த பூக்களையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இது விழுந்ததுல சேராது தம்பி."

"தரையில்தானே கிடக்கிறது அண்ணாச்சி!"

"கெடக்கு. ஆனா விழல. நீங்க தள்ளி விட்டிய."

அன்று நான் பஸ்ஸில் தனியாகப் போனேன். அவர் லீவு எழுதினார். மறுநாள் காட்டினார். முதல் பூ மாலை நாலு இருபதுக்கு விழுந்ததாம். பூவுக்குக் கீழே பேனாவில் எழுதியிருந்தார். 'கொன்றை. பஸ் ஸ்டாப். பங்குனி 28. மாலை 4.20. சாட்சி: ஒரு ஆடு.'

இந்தக் குறிப்புதான் அவருடைய பெரிய குணம். ஒட்டியது எதுவானாலும் அதற்குக் கீழே இடம், நாள், நேரம், சாட்சி நான்கும் இருக்கும். சாட்சி இல்லாமல் விழுந்ததை யாரும் நம்பமாட்டார்கள் என்பது அவர் பயம். பெரும்பாலான பக்கங்களில் 'சாட்சி: டைமாபீஸ் தம்பி' என்று என்னைப் போட்டிருந்தார். பதினான்கு ஆல்பத்தில் எண்பத்தாறு இடத்தில் நான் சாட்சி. எண்ணிப் பார்த்துத்தான் சொல்கிறேன்.

ஒரு பங்குனி உத்திரத்தன்று கோயில் திருக்கல்யாணக் கூட்டத்தில் சாமி மாலையில் இருந்து ஒரு ரோஜா இதழ் உதிர்ந்ததைப் பார்த்துவிட்டார். சட்டென்று குனிந்தார். பின்னால் வந்த ஏழு பேர் அவர் மேல் தடுக்கி விழுந்தார்கள். "ஏலே, கண்ணு பொடதியிலயா இருக்கு?" என்று ஒருவர் கத்தினார். அவர் இவரைச் சொல்கிறாரா, இவர் மேல் விழுந்தவரைச் சொல்கிறாரா என்பது கடைசிவரை தெளிவாகவில்லை. குவியலுக்கு அடியில் இருந்து ஒரு கை மட்டும் வெளியே வந்தது. அதில் இதழ் இருந்தது. "இந்த ஏழு பேரும் தானாகத்தான் விழுந்தார்கள் அண்ணாச்சி, இவர்களையும் ஒட்டிக்கொள்ளுங்கள்" என்றேன். அடுத்த மூன்று நாள் என்னோடு பேசவில்லை.

இதையெல்லாம் மில்லில் சொல்லிச் சிரித்தோம். சிரிக்க முடியாத ஒருவர் அவர் மனைவி. மதினி என்று கூப்பிடுவேன். பூவைத் தட்டையாக்கக் கனம் வேண்டும் அல்லவா? அண்ணாச்சி அம்மியைத் தூக்கிப் பூவை அடியில் வைத்து, மேலே குழவியையும் ஏற்றிவிடுவார். பூ காயும்வரை அந்த வீட்டில் துவையல் கிடையாது, அரைத்த குழம்பு கிடையாது.

"எங்க வீட்ல சீரு குடுத்து விட்ட பீரோ தம்பி அது. தெறந்து பாருங்க, ஒரு சேலை வைக்க எடம் இருக்கா? அம்புட்டும் சருகு. வீட்டைக் கூட்டினாலும் குத்தம். வெளக்குமாத்தை எடுத்தா, 'ஏட்டி, பாத்துக் கூட்டு, ஒரு வேப்பம்பூ விழுந்து கெடந்துச்சு'ங்காக" என்று என்னிடம் முறையிடுவார்.

ஒரு வருஷம் அண்ணாச்சியின் ஆசை பெரிதாகிவிட்டது. தனித்தனிப் பூவாக ஒட்டி அலுத்து, ஒரு முழுக் காட்சியே செய்யக் கிளம்பினார். மேற்கே தெரிகிற மலை. மலைக்கு உதிர்ந்த மாவிலை, அடிவாரத்துக்குப் புங்கம்பூ, வயலுக்கு வேப்பம்பூ. மலைக்கு மேலே மேகம் வேண்டும். மேகத்துக்கு என்ன செய்வது?

இங்கேதான் ஒரு வார்த்தை குறுக்கே வந்தது. அந்த வார்த்தை 'வேஸ்ட்'.

உங்களுக்கும் எனக்கும் வேஸ்ட் என்றால் குப்பை. பஞ்சு மில்லில் அப்படி இல்லை. அங்கே வேஸ்ட் என்பது ஒரு சரக்கு. அதற்குத் தனி கோடவுன், தனிப் பூட்டு, தனித் தராசு உண்டு. நல்ல நூலை ஒருவன் திருடினால் முதலாளிக்கு எவ்வளவு கோபம் வருமோ, அதே கோபம் வேஸ்ட்டைத் திருடினாலும் வரும். அந்தப் பங்குனியில் கோடவுனில் சில மூட்டை வேஸ்ட் குறைந்திருந்தது. கோயம்புத்தூர்ப் பக்கத்தில் இருந்து புதிதாக வந்திருந்தவர், ஆட்கள் விவகாரத்தைப் பார்க்கிற பர்சனல் ஆபீசர், வெளியே போகிற எல்லாருடைய பையையும் சோதனை போடச் சொல்லி உத்தரவு போட்டார்.

சாப்பாட்டு நேரத்தில் ஒட்டுவதற்காக அண்ணாச்சி ஆல்பத்தைத் தூக்குவாளிப் பையிலேயே வைத்திருந்தார். கேட்டில் வாட்ச்மேன் அதைத் திறந்தார். மலையைப் பார்த்தார். மலைக்கு மேலே மூன்று மேகம் இருந்தது. பஞ்சு மேகம். கீழே அழகான கையெழுத்தில் குறிப்பும் இருந்தது. 'மேகம். மில், கார்டிங். பங்குனி 9 முதல் 27 வரை. ஷிப்ட் நேரம். சாட்சி: மெஷின்.'

நாற்பது வருஷ மில் சரித்திரத்தில் திருட்டுச் சாமானுக்கு அடியில் இடமும் தேதியும் எழுதிவைத்த திருடனை வாட்ச்மேன் அன்றுதான் பார்க்கிறார். "என்ன அண்ணாச்சி, எங்களுக்கு வேலையே வைக்கமாட்டிய போலிருக்கே" என்று வருத்தத்தோடு சொல்லி, ஆல்பத்தைக் கொண்டுபோய் ஆபீசில் கொடுத்துவிட்டார்.

மறுநாள் மெமோ வந்தது. அண்ணாச்சி சஸ்பெண்ட், ஒன்பது நாள் கழித்து என்கொயரி. குற்றம் என்று முடிவானால் வேலை போகும். பதினேழு வருஷ சர்வீஸ். வீட்டில் இரண்டு பெண் பிள்ளைகள்.

பர்சனல் ஆபீசர் கெட்ட மனிதர் இல்லை என்றும் சொல்லவேண்டும். அவரே ஒரு வழியும் சொல்லி அனுப்பினார். மன்னிப்புக் கடிதம் ஒன்று டைப் அடித்துத் தயாராக இருந்தது. 'மில்லின் வேஸ்ட் பஞ்சை எடுத்தேன். இனி எடுக்கமாட்டேன்.' இரண்டே வாக்கியம். கையெழுத்துப் போட்டால் ஒரு எச்சரிக்கையோடு விட்டுவிடுவார்கள். அதை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன்.

அண்ணாச்சி மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தார்.

"'எடுத்தேன்'னு இருக்கு."

"ஆமாம்."

"நான் எடுக்கல தம்பி. விழுந்துச்சு. 'விழுந்தது'ன்னு மாத்திக் குடுக்கச் சொல்லுங்க, இப்பமே போட்டுத் தாரேன்."

"ஒரு வார்த்தைதானே அண்ணாச்சி!"

"ஒரு வார்த்தைதான? அப்பம் அவிய மாத்தட்டும்."

மதினிக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது. "இவுக வேலை போச்சுன்னா பொறவு இந்த ஆல்பத்தையா பொங்கித் திங்க? கேளுங்க தம்பி!"

"ஏட்டி, பசை புளியங்கொட்டைதான். ஆபத்துக்குத் திங்கலாம்" என்றார் அண்ணாச்சி.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. ஒரு மனிதர் ஒரு வினைச்சொல்லுக்காக வேலையை விடுவாரா? நான் தமிழ் படித்தவன். அந்த நாளில் நானேகூட விடமாட்டேன். கடிதத்தை அங்கேயே போட்டுவிட்டு வந்தேன். மறுநாள் போனால் அதன் வெள்ளைப் பக்கத்தில் ஒரு வேப்பிலையை ஒட்டியிருந்தார். நான் போட்டுவிட்டு வந்ததால் அது ஊரார் வீசிய தாள் கணக்கில் சேர்ந்துவிட்டதாம்.

என்கொயரியில் குற்றம் சாட்டப்பட்டவருக்குத் துணையாகத் தொழிலாளி ஒருவர் உட்காரலாம். அண்ணாச்சி என் பெயரைக் கொடுத்துவிட்டார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்த வாரம் முழுக்க நான் பழைய ஆல்பங்களில் என் பெயரை எண்ணிக்கொண்டிருந்தேன்.

என்கொயரி நாள் வந்தது. மேஜைமேல் ஆல்பம். பர்சனல் ஆபீசர் முதலில் என்னைப் பார்த்துத்தான் கேட்டார். "சாட்சி, சாட்சின்னு பக்கத்துக்குப் பக்கம் நீங்களே இருக்கீங்களே? எத்தனை இடங்க?"

"இந்த ஆல்பத்தில் ஐந்து, மொத்தம் எண்பத்தாறு" என்றேன். சொல்லியிருக்க வேண்டாம்.

அவர் அண்ணாச்சியிடம் திரும்பினார்.

"பஞ்சை எடுத்தீங்களா?"

"எடுக்கல சார். விழுந்துச்சு."

"எங்கீங்க விழுந்துச்சு?"

"எந் தலையில."

ஆபீசரின் பேனா நின்றுவிட்டது. "தலையில விழுந்தா அங்கியே தட்டி விட்டுப் போகோணுங்க."

"தட்டினா மெஷின்ல விழும் சார். மெஷின்ல விழுந்தா மேஸ்திரி வைவாரு."

"அப்படீன்னா தினமும் வீட்டுக்குக் கொண்டுபோயிருக்கீங்க."

"நான் தலையைத்தான் சார் கொண்டுபோனேன். அது கூட வந்துச்சு."

அறையில் இருந்த டைப்பிஸ்ட் இருமினார். அது இருமல் இல்லை. பர்சனல் ஆபீசர் ஆல்பத்தைத் தூக்கிக் காட்டினார். "தலையில ஒட்டற தூசியில இத்தாப் பெரிய மேகம் வருமுங்களா? கோடவுன் பஞ்சுங்க இது."

எனக்கு எங்கிருந்து தைரியம் வந்தது என்று தெரியவில்லை. தைரியம்கூட இல்லை, கணக்குத் தப்பாகச் சொன்னால் எனக்குப் பொறுக்காது. எழுந்தேன். "பத்தொன்பது நாள் சார். நாளுக்கு ஒரு ஷிப்ட், ஒரு தலை. ஆக மொத்தம் பத்தொன்பது தலைப் பஞ்சு. இப்போது மணி மூன்று ஐம்பது. நாலு மணிக்கு ஷிப்ட் விடும். கார்டிங்கில் இன்று இருபத்து மூன்று பேர். கேட்டிலேயே சீவிப் பார்த்துவிடலாம்."

அப்படியாக, அந்த மில் கண்ட எல்லாச் சோதனைகளிலும் விசித்திரமான சோதனை நடந்தது. இருபத்து மூன்று பேரும் கேட்டில் வரிசையாக நின்றார்கள். வாட்ச்மேன் தன் மீசை சீவுகிற சீப்பை எடுத்துக்கொண்டார். கீழே ஒரு வெள்ளைத் தாளை விரித்தோம். ஒவ்வொரு தலையாகச் சீவினார். உள்ளே மெஷின் பஞ்சைச் சீவியது, வெளியே நாங்கள் தலையைச் சீவினோம்.

"ஏலே, பேன் வந்தா அதுவும் கம்பெனிப் பேனாலே?"

"முதுகுல நம்பர் போட்டிருக்கான்னு பாரு!"

"வாட்ச்மேன் அண்ணே, நடு வகிடு எடுங்க. இன்னைக்குப் பொண்ணு பாக்கப் போறேன்."

இருபத்து மூன்றாவது தலை முடிந்தபோது தாளில் ஆரஞ்சுப் பழம் அளவுக்குப் பஞ்சு சேர்ந்திருந்தது. ஆல்பத்தில் இருந்த மூன்று மேகத்தையும் சேர்த்தாலும் ஒரு எலுமிச்சம்பழம் தேறாது. பர்சனல் ஆபீசர் இரண்டையும் பார்த்தார். படித்தவர் அல்லவா, அடுத்த சந்தேகம் வந்துவிட்டது. "அப்ப மீதிப் பஞ்சு எங்கீங்க?"

"பஸ்ஸுல சன்னல் சீட்டு சார். காத்துல போயிரும்" என்றார் அண்ணாச்சி. "காத்தோட இஷ்டம்."

அப்போதுதான் மேனேஜர் வெளியே வந்தார். கூட்டத்தைப் பார்த்து வந்தார். வழக்கமான மாலைச் சுற்றில் கார்டிங் வழியாக நடந்து வந்திருக்கிறார். தேங்காய் எண்ணெய் தேய்த்துப் படிய வாரிய தலை. கார்டிங்கைத் தாண்டி வந்தால் அந்தத் தலை எப்படி இருக்கும் என்று நீங்களே ஊகிக்கலாம்.

வாட்ச்மேன் சல்யூட் அடித்தார். சல்யூட் அடித்த கை அப்படியே நின்றது. "சார்... செத்த நில்லுங்க. ஒங்க தலையிலயும்..."

மேனேஜர் தடவிப் பார்த்தார். கையில் வெள்ளையாக வந்தது. அவருக்கு அதிர்ச்சி வந்தால் தெலுங்கு வரும். "ஏமி இதி?" என்றார்.

"வேஸ்ட் சார்" என்றார் வாட்ச்மேன், மிகுந்த மரியாதையோடு.

பின்வரிசையில் இருந்து யாரோ கேட்டார்கள். "ஐயாவும் ஆல்பம் போடுதீகளா?"

சிரிப்பு அடங்க நாலு நிமிஷம் ஆயிற்று. மேனேஜரும் சிரித்தார். சிரிக்காமல் இருந்தவர் பர்சனல் ஆபீசர் ஒருவர்தான். "இதை இன்னைக்கே மூடிருங்க. இல்லேன்னா நாளைக்கு எந் தலைக்கும் நீங்க மெமோ போடணும்" என்று மேனேஜர் அவரிடம் சொன்னார். 'எடுத்ததற்குச் சான்று இல்லை' என்று டைப் அடித்து உத்தரவு வந்தது. அண்ணாச்சி அதையும் படித்துவிட்டு, "'விழுந்தது'ன்னு இல்லையே சார்" என்றார். மேனேஜர் தாளை வாங்கித் தன் பேனாவால் அடியில் 'விழுந்தது' என்று எழுதிக் கொடுத்தார்.

கோடவுனில் குறைந்தது மூட்டைக் கணக்கு. மூட்டை யார் தலையிலும் விழுந்து, யாருடனும் பஸ்ஸில் போகாது. அதைப் பற்றி அன்றும் அதற்குப் பிறகும் யாரும் என்கொயரி வைக்கவில்லை. எடுத்தவர்கள் அடியில் இடமும் தேதியும் எழுதிவைக்கவில்லை போலும்.

மறுநாள் காலை அண்ணாச்சி பஸ் நிறுத்தத்தில் இல்லை. நான் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். ஏழு மணி பஸ் வந்தது. ஏறினேன். பக்கத்து இடத்தில் யாரோ ஒரு பருத்திக்கொட்டை வியாபாரி உட்கார்ந்து, சேத்தூரில் மழை இல்லை என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார். நல்ல சோப்பு மணம். எனக்கு என்னவோ போல இருந்தது.

டைம் ஆபீசில் பதிவேட்டைத் திறந்தேன். எட்டு மணி ஷிப்ட். எட்டு ஐந்துக்கு மேல் வந்தால் உள்ளே விடக்கூடாது என்பது சட்டம். அந்தச் சட்டப்படி எத்தனையோ பேரைத் திருப்பி அனுப்பியவன் நான். என் மைத்துனனையே இரண்டு முறை அனுப்பியிருக்கிறேன். எட்டு அடிக்க ஒரு நிமிஷம் இருக்கும்போது பர்சனல் ஆபீசர் சன்னலுக்கு வந்து நின்றார். நேற்றைய சிரிப்பை அவர் மறந்திருக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. வேலைக்குத் திரும்புகிற முதல் நாளே அண்ணாச்சி வராமல் போனால், அதற்கு ஒரு புது மெமோ போட அவருக்கு யாரிடமும் கேட்க வேண்டியதில்லை.

"கார்டிங்காரர் வந்துட்டாருங்களா?"

"ஏழு ஐம்பத்திரண்டுக்கே வந்துவிட்டார் சார்" என்றேன். சொன்னதோடு, அவர் பெயருக்கு நேரே அதை மையில் எழுதி, அவர் பார்க்கும்படி பதிவேட்டைத் திருப்பியும் வைத்தேன். அவர் பார்த்துவிட்டுப் போனார்.

அண்ணாச்சி எட்டு ஏழுக்கு, உள்ளங்கையில் ஒரு புங்கம்பூவைப் பொத்திக்கொண்டு வேர்க்க விறுவிறுக்க ஓடிவந்தார். முப்பத்தொரு வருஷ சர்வீஸில் நான் தப்பாக எழுதிய நேரம் அது ஒன்றுதான். பதிவேடு என் கையில் இருந்த காலம்வரை அதைத் திருத்த எனக்கு மனம் வரவில்லை.